“பாக்கெட்டில் கையை விடுகிறேன், சார்”: அமெரிக்கப் போலீஸைப் பற்றி மேடையில் எதற்காகச் சிரிக்கிறார்கள்?

ஒரு சின்னக் காட்சியிலிருந்து ஆரம்பிக்கலாம். 1974-ல் ரிச்சர்ட் பிரையர் என்ற கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் ஓர் ஆல்பம் வெளியிட்டார். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கிளப்பில் ஆட்கள் முன்னால் பேசியதை அப்படியே பதிவு செய்தது. அதில் ஓரிடத்தில், போலீஸ் வண்டியை ஓரங்கட்டச் சொன்னால் யார் எப்படி நடந்துகொள்வார்கள் என்று குரல் மாற்றி நடித்துக் காட்டுகிறார். வெள்ளைக்காரருக்கு அந்தப் போலீஸ்காரர் ஒரே பேட்டைக்காரர், பெயர் சொல்லி விசாரித்து, ராத்திரி பௌலிங் (பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம்) விளையாடப் போகிறீர்களா என்று கேட்குமளவுக்குப் பழக்கம். அபராதச் சீட்டு எழுதினாலும் சிரித்துக்கொண்டே லைசென்ஸை நீட்டிவிடுவார். கறுப்பரின் முறை வரும்போது பிரையரின் குரல் மாறுகிறது. ஒவ்வொரு சொல்லாக, உரக்க, தூரத்தில் இருப்பவருக்கும் கேட்க வேண்டும் என்பதுபோலச் சொல்கிறார்: லைசென்ஸை எடுப்பதற்காக... என் பாக்கெட்டில்... கையை விடுகிறேன். ஏன் இப்படி? தான் ஒரு ‘விபத்து’ ஆகிவிடக் கூடாது என்பதற்காக. அரங்கம் அதிர்கிறது.

நான் இதை முதல் தடவை கேட்டபோது நன்றாக மிகைப்படுத்துகிறார் என்று நினைத்துத்தான் சிரித்தேன். அதில் மிகை எதுவும் இல்லை என்று புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின. அமெரிக்க நகைச்சுவை எப்படிச் சமூகப் பிரச்சினையைக் கையிலெடுக்கிறது என்று யாராவது கேட்டால், இந்த ஒரு துணுக்கை வைத்தே பெரும்பாலானதைச் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. ஒரே சிரிப்பு, ஆனால் அந்த அரங்கில் இரண்டு விதமான ஆட்கள் சிரிக்கிறார்கள். ஒருவர், எனக்கும் இதேதான் நடந்தது என்று சிரிக்கிறார். இன்னொருவர், இப்படியெல்லாம் நடக்குமா என்று சிரிக்கிறார். இந்த இரண்டு பேரையும் ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்து, ஒருவர் சிரிப்பதை மற்றவர் கேட்கும்படி செய்வதுதான் இந்த வகை நகைச்சுவை செய்யும் முக்கியமான வேலை.

சரி, பின்னணி கொஞ்சம் தெரிய வேண்டும். அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் ஒரே போலீஸ் கிடையாது. நகரம், கவுன்டி (நம் மாவட்டம் போன்றது), மாநிலம் என்று தனித்தனியாகச் சுமார் 18,000 அமைப்புகள், ஒவ்வொன்றுக்கும் தன் விதி, தன் பயிற்சி. சாதாரண மனிதரும் போலீஸும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் பெரும்பாலும் சாலைதான். பின்விளக்கு எரியவில்லை, சிக்னல் போடாமல் திரும்பினாய் என்று எந்தச் சின்னக் காரணத்துக்கும் நிறுத்தலாம். நிறுத்தியதற்கு உள்ளுக்குள் வேறு நோக்கம் இருந்தாலும், விதி மீறல் ஒன்று உண்மையில் இருந்தால் அது சட்டப்படி செல்லும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. சுமார் 10 கோடி வாகன நிறுத்தங்களை ஆராய்ந்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, இருட்டிய பிறகு நிறுத்தப்படுகிறவர்களில் கறுப்பர்களின் பங்கு குறைகிறது என்று காட்டியது. இருட்டில் ஓட்டுநரின் முகம் தெரியாது என்பதை நினைத்தால் காரணம் விளங்கும். துப்பாக்கி எல்லார் கையிலும் இருக்கக்கூடிய நாடு என்பதால் ஜன்னலருகே வரும் போலீஸ்காரரும் பயத்தோடுதான் வருகிறார். அதனால் கறுப்பினக் குடும்பங்களில் பிள்ளை வண்டி ஓட்டும் வயதுக்கு வந்ததும் பெற்றோர் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள்: நிறுத்தினால் இரண்டு கையும் ஸ்டீயரிங் மேலேயே இருக்கட்டும், எதை எடுப்பதென்றாலும் சொல்லிவிட்டு எடு, எதிர்த்துப் பேசாதே. பிரையர் மேடையில் சொன்னது அந்த வீட்டுப் பாடத்தைத்தான்.

இனி கலிஃபோர்னியாவில் லாங் பீச்சுக்கு வருவோம். அங்கே பிரையர் மேடையில் பேசுவதை ஒரு முழுநீளப் படமாகவே எடுத்து 1979-ல் வெளியிட்டார்கள். அதில் அவர் அந்தப் பகுதி போலீஸ் கழுத்தை இறுக்கும் பிடியைப் பற்றிப் பேசுகிறார், அதில் ஆட்கள் செத்தே போகிறார்கள் என்கிறார். பிறகு அரங்கத்தைப் பார்த்து, உங்களுக்கு இது தெரியுமா என்று கேட்கிறார். பதிலையும் அவரே நடித்துக் காட்டுகிறார். கறுப்பர்கள்: தெரியுமே. வெள்ளையர்கள்: அப்படியா, எங்களுக்குத் தெரியவே தெரியாதே! சிரிப்பு கிளம்புகிறது. மேலே நான் சொன்ன இரண்டு விதச் சிரிப்பையும் அவர் ஒரே கேள்வியால் வெளிச்சத்துக்கு இழுத்துவிடுகிறார். தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் நடுவே இருக்கிற தூரம் அந்த நொடியில் எல்லார் காதிலும் விழுகிறது.

அவர் அதோடு விடவில்லை. போலீஸ்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடிக்கிறார்கள், ‘படக்’ என்று ஏதோ முறிகிறது. ஐயோ, ஆள் உடைந்துவிட்டானே, உடைக்கலாமா என்று ஒருவர் பதறுகிறார். இன்னொருவர் கையேட்டைப் புரட்டிப் பார்த்து, உடைக்கலாம், இதோ போட்டிருக்கிறது என்கிறார். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அடி யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். கோபக்கார, கொடூரமான ஒரு போலீஸ்காரரைக் காட்டி முடித்திருக்கலாம், அது எளிது. பிரையர் கையேட்டை எடுத்தார். தப்பு ஒரு ஆளின் கையில் மட்டும் இல்லை, அந்த ஆளுக்கு இப்படிச் செய்யலாம் என்று எழுதிக்கொடுத்த இடத்தில் இருக்கிறது என்பதை ஒரு பக்கம் புரட்டும் அபிநயத்தில் சொல்லிவிட்டார்.

அது வெறும் கற்பனை இல்லை. 1976 அக்டோபரில், லாஸ் ஏஞ்சலஸில் அடால்ஃப் லயன்ஸ் என்ற 24 வயது கறுப்பின இளைஞரைப் பின்விளக்கு எரியவில்லை என்று அதிகாலையில் நிறுத்தினார்கள். அவர் எதிர்க்கவில்லை. ஆனாலும் கழுத்தை இறுக்கினார்கள், மயங்கி விழுந்தார், கண் விழித்தபோது ரத்தமும் மண்ணும் துப்பிக்கொண்டு தரையில் கிடந்தார், குரல்வளையில் காயம். அபராதச் சீட்டு ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 1983-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், உங்களையே மறுபடியும் இப்படி இறுக்குவார்கள் என்று நீங்கள் காட்டவில்லை, அதனால் இந்தப் பிடிக்குத் தடை கேட்க உங்களுக்கு உரிமையில்லை என்று சொல்லிவிட்டது. நீதிபதி தர்குட் மார்ஷல் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். 1975-லிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போலீஸின் கழுத்துப் பிடிக்குப் பின் குறைந்தது 16 பேர் இறந்திருக்கிறார்கள், அவர்களில் 12 பேர் கறுப்பின ஆண்கள் என்று அதில் பதிவு செய்தார். அந்தப் பிடி போலீஸுக்கு முறைப்படி கற்றுக்கொடுக்கப்பட்ட ஒன்று என்பதும் அதில் இருக்கிறது. பிரையர் கையேட்டைப் புரட்டியது அதற்கு நான்கு வருடம் முன்னால்.

இந்த நகைச்சுவை எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் ஓர் ஒப்பீடுதான் அடித்தளம். டேவ் ஷப்பெல் என்ற கறுப்பின நகைச்சுவையாளர் 2000-ல் வாஷிங்டனில் செய்த நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குச் சிப் என்று ஒரு வெள்ளைக்கார நண்பர். சிப் குடித்துவிட்டு வண்டியைப் பறக்கவிடுகிறார், போலீஸ் பிடிக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஷப்பெல் நடுங்கிப்போயிருக்கிறார். சிப் நிதானமாக, மன்னிக்க வேண்டும் ஆபீசர், இப்படிச் செய்யக் கூடாது என்று எனக்குத் தெரியாது என்கிறார். போலீஸ்காரரும், சரி, இப்போது தெரிந்துவிட்டதல்லவா, கிளம்பு என்று விட்டுவிடுகிறார். இந்தக் கதையில் அடி இல்லை, உதை இல்லை, யாரும் சாகவில்லை. ஒரே வண்டியில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருக்கும் இரண்டு பேருக்கு இரண்டு நாடுகள் என்பது மட்டும் தெரிகிறது. எண்ணிக்கையும் சதவீதமும் வைத்து ஒரு மணி நேரம் பேசினாலும் இது இவ்வளவு சீக்கிரம் மனசில் ஏறாது.

அதே நிகழ்ச்சியில் இன்னொன்று. தன் வீட்டில் திருடன் புகுந்தால்கூடப் போலீஸைக் கூப்பிட மாட்டேன் என்கிறார் ஷப்பெல். வீடு ரொம்ப நன்றாக இருக்கிறது, அதனால் வருகிற போலீஸ்காரர்கள் வீட்டுக்காரரான தன்னையே திருடன் என்று முடிவு கட்டிவிடுவார்கள், உள்ளே நுழைந்ததோடு நில்லாமல் சுவரெல்லாம் குடும்பப் படங்களையும் மாட்டி வைத்திருக்கிறான் பார் என்பார்கள். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் 2009 ஜூலையில், ஹார்வர்டு பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் வெளிநாட்டிலிருந்து திரும்பி, திறக்க மறுத்த தன் வீட்டுக் கதவைத் தள்ளித் திறந்து உள்ளே போன சிறிது நேரத்தில், யாரோ வீட்டை உடைக்கிறார்கள் என்ற தகவலில் வந்த போலீஸ் அவரையே கைது செய்து விலங்கு மாட்டிக் கூட்டிப்போனது. குற்றச்சாட்டைப் பிறகு கைவிட்டார்கள். அதிபர் ஒபாமா இரு தரப்பையும் வெள்ளை மாளிகைக்கு அழைத்து பீர் கொடுத்து உட்காரவைத்துப் பேச வேண்டி வந்தது. மேடையில் சொல்லப்பட்டது நிஜத்தில் பின்னால் வந்து நிற்பது இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நடக்கிறது. நகைச்சுவையாளர்களுக்கு ஆரூடம் தெரியும் என்பதால் அல்ல, ஏற்கெனவே பல தடவை நடந்ததை அவர்கள் சொல்கிறார்கள், நமக்குத்தான் செய்தி தாமதமாக வந்து சேர்கிறது.

இன்னொரு உத்தி, எதிர்த்தரப்பு சொல்லும் வாதத்தை எடுத்து வேறொரு இடத்தில் வைத்துப் பார்ப்பது. ஒவ்வொரு முறையும் போலீஸ் யாரையாவது கொன்று விஷயம் பெரிதாகும்போது, எல்லாரும் அப்படியில்லை, கூடையில் ஒன்றிரண்டு அழுகிய ஆப்பிள்கள்தான் என்று அமெரிக்காவில் சொல்வார்கள். கிறிஸ் ராக் என்ற கறுப்பின நகைச்சுவையாளர் 2018-ல் இதை அப்படியே விமான கம்பெனிக்குக் கொண்டுபோனார். எங்கள் பைலட்டுகளில் பெரும்பாலோர் தரையிறக்கத்தான் விரும்புகிறார்கள், மலையில் மோத விரும்பும் அழுகிய ஆப்பிள்கள் ஒன்றிரண்டு மட்டும் இருக்கின்றன என்று ஒரு விமான கம்பெனி சொன்னால் நாம் டிக்கெட் வாங்குவோமா? சில வேலைகளில் எல்லாருமே ஒழுங்காக இருந்தாக வேண்டும் என்கிறார். நல்ல போலீஸ்காரர்கள் இருக்கிறார்கள் என்பதை அவர் மறுக்கவில்லை. அது போதாது என்கிறார், அவ்வளவுதான். நேராகச் சொன்னால் சண்டையாகும் ஒன்றை இப்படிச் சுற்றி வந்து சொல்லும்போது, எதிர்க்கருத்துள்ளவரும் முதலில் சிரித்துவிடுகிறார்.

அப்புறம், இந்த நகைச்சுவைக்கும் போலீஸுக்கும் நேரடியாகவே ஒரு பழைய பகை உண்டு. 1960-களில் லெனி புரூஸ் என்ற நகைச்சுவையாளர் மேடையில் ஆபாசமாகப் பேசினார் என்று திரும்பத் திரும்பக் கைதானார். 1964-ல் நியூயார்க்கில் ஒரு காஃபி கிளப்பில் அவர் பேசும்போது நகராட்சி இன்ஸ்பெக்டர் ஒருவர் கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார், பிறகு நீதிமன்றத்தில் நின்று அந்தக் குறிப்பை வைத்து புரூஸ் பேசியதைப் பேசிக் காட்டினார். புரூஸுக்கு ஆற்றவே முடியாத வருத்தம் அது. அந்த மனிதர் என் நிகழ்ச்சியைத் தப்பும் தவறுமாகச் செய்கிறார், தண்டனை மட்டும் எனக்கு என்றார். தண்டனையும் கிடைத்தது. 1966-ல் இறந்துபோனார். 2003-ல்தான் நியூயார்க் ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அதே காலத்தில் டிக் கிரகரி என்ற கறுப்பின நகைச்சுவையாளர் மேடையிலிருந்து இறங்கித் தெருவுக்கே வந்தார், 1963-ல் பர்மிங்ஹாமில் உரிமைப் போராட்டத்தில் சிறை போனார், 1965-ல் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் கலவரத்தை அமைதிப்படுத்தப் போய்க் காலில் குண்டு வாங்கினார். பிரையருக்கும் ஷப்பெலுக்கும் முன்னால் வழி போட்டவர்கள் இவர்கள்.

இதில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் விளக்கம் முழுமையாகாது. சிரிப்பு நீங்கள் நினைத்த இடத்தில் விழாமல் போகலாம். கிறிஸ் ராக் 1996-ல் கறுப்பர்களுக்குள்ளேயே இருக்கும் பேதங்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சியில் பேசிப் பெரும் புகழ் அடைந்தார். பிறகு அந்தப் பகுதியை மேடையில் செய்வதையே நிறுத்திவிட்டார். இனவெறி உள்ளவர்கள் அதைக் கேட்டுவிட்டு, அதில் வரும், கறுப்பர்களைக் கேவலமாகக் குறிக்கும் இழிசொல்லைத் தாங்களும் சொல்ல அனுமதி கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள் என்று 2005-ல் ஒரு டிவி பேட்டியில் சொன்னார். அதே வருடம் ஷப்பெல், 5 கோடி டாலர் ஒப்பந்தம் கையில் இருக்கும்போதே, தன் டிவி நிகழ்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டுத் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டார். நிறவெறிச் சித்திரங்களைக் கேலி செய்யும் ஒரு துணுக்கைப் படம்பிடிக்கும்போது, தளத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் சிரித்த விதம் அவரை உறுத்தியது. தன்னோடு சேர்ந்து சிரிக்கிறாரா, தன்னைப் பார்த்துச் சிரிக்கிறாரா? அந்த ஒரு சிரிப்பில் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு பணத்தை ஒரு சிரிப்பின் ஓசைக்காக விட்டுப்போன இன்னொரு கலைஞரை எனக்குத் தெரியாது. அவர் பிற்காலத்தில் சொன்ன பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை என்றாலும் இந்த விஷயத்தில் அவர் மேல் பெரிய மரியாதை உண்டு.

டிவி தொடர்கள் வேறு வகைச் சிக்கல். அங்கே போலீஸ்காரர்களே கதாநாயகர்கள், வாராவாரம் நம் வீட்டுக்கு வந்து சிரிக்கவைத்துவிட்டுப் போகிறவர்கள், அவர்களைப் பிடிக்காமல் இருக்க முடியாது. 2013-ல் தொடங்கிய புரூக்ளின் நைன்-நைன் அப்படித்தான். 2017-ல் அதில் ஓர் அத்தியாயம் வந்தது. டெர்ரி என்ற கறுப்பின சார்ஜென்ட், பணி நேரம் முடிந்த பிறகு, தன் குட்டிப் பெண் தொலைத்த போர்வையைத் தெருவில் தேடிக்கொண்டிருக்கிறார், அவர் குடியிருக்கிற அதே தெருவில். வெள்ளைக்காரப் போலீஸ்காரர் ஒருவர் அவரைச் சந்தேகப்பட்டு மடக்குகிறார். புகார் கொடுக்கலாமா வேண்டாமா என்பதுதான் மீதிக் கதை. அவருடைய மேலதிகாரியும் கறுப்பினத்தவர்தான், புகார் கொடுத்தால் உன் வேலைக்குத்தான் கெடுதல் என்கிறார் முதலில். டெர்ரி கொடுக்கிறார், அதற்கு விலையும் கொடுக்கிறார். நல்ல அத்தியாயம். ஆனால் 2020-ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பரைப் போலீஸ் கொன்று நாடே கொந்தளித்தபோது இது போதவில்லை என்று அந்தக் குழுவுக்கே பட்டது. எழுதி வைத்திருந்த நான்கு அத்தியாயங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தார்கள். 2021-ல் வந்த கடைசிப் பருவத்தில் முக்கியப் பாத்திரங்களில் ஒருவரான ரோசா போலீஸ் வேலையை விட்டே வெளியேறியிருந்தார்.

டிவியில் அரசியல் நையாண்டி நிகழ்ச்சி நடத்தும் ஜான் ஆலிவர் போன்றவர்கள் செய்வது இன்னொரு ரகம், கிட்டத்தட்ட வகுப்பெடுப்பதுதான். ஜாமீன் பணம் கட்ட முடியாத ஏழை எப்படிச் சிறையிலேயே கிடக்கிறார், சின்ன அபராதம் எப்படி வட்டிக்கடன் போலப் பெருகுகிறது என்று 2015-ல் அவர் பேசிய பகுதிகள் அன்றைக்கு மிக அவசியமானவை. மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்ட ஃபெர்குசன் நகரம், போலீஸை வருமானத்துக்காகவே பயன்படுத்தியது என்று அமெரிக்க நீதித் துறை அறிக்கை வெளியிட்டதும் அதே வருடம்தான்.

இப்போது மறுபடி அந்த லைசென்ஸுக்கு வருகிறேன். 2016 ஜூலை 6, மின்னசோட்டா மாநிலம். ஃபிலாண்டோ காஸ்டீல், 32 வயது, ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்த்தவர், எந்தக் குழந்தைக்கு எந்த உணவு ஒவ்வாது என்று நினைவில் வைத்திருந்தவர் என்று பள்ளியில் சொன்னார்கள். அவர் வண்டியைப் பிரேக் விளக்கு எரியவில்லை என்று நிறுத்தினார்கள். அதற்கு முன்பும் பல வருடங்களில் 40-க்கும் மேற்பட்ட தடவை நிறுத்தப்பட்டவர் அவர். போலீஸ்காரர் லைசென்ஸ் கேட்கிறார். காஸ்டீல் மரியாதையாக, சார், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்கிறார், அதற்கு உரிமமும் வைத்திருந்தார். அதை எடுக்காதே என்கிறார் போலீஸ்காரர். எடுக்கவில்லை என்கிறார் காஸ்டீல். சில நொடிகளில் ஏழு குண்டுகள். பின்சீட்டில் நான்கு வயதுக் குழந்தை. அடுத்த வருடம் அந்தப் போலீஸ்காரர் விடுதலையானார். பிரையர் 42 வருடம் முன்னால் மேடையில் சொல்லிக்காட்டிய அதே முறையில்தான் காஸ்டீல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுச் செய்தார். சொல்லியும் ‘விபத்து’ ஆனார். இதைப் படித்த பிறகு அந்தப் பழைய ஆல்பத்தை நான் மறுபடி கேட்டபோது, அரங்கத்தின் சிரிப்பு எனக்கு வேறு மாதிரி கேட்டது.

2020 மே 25-ல் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் முழங்காலை ஊன்றிக் கொன்ற பிறகு நகைச்சுவையாளர்கள் என்ன செய்தார்கள் என்பது முக்கியம். ஆம்பர் ரஃபின் என்ற கறுப்பின நகைச்சுவை எழுத்தாளர், தான் வேலை செய்த இரவு நேர டிவி நிகழ்ச்சியில் அந்த வாரம் ஒவ்வொரு நாளும் முதலில் வந்து, தனக்கும் போலீஸுக்கும் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னார். ஷப்பெல் ஜூன் 6-ல் ஒஹாயோவில், தான் வாழும் யெல்லோ ஸ்பிரிங்ஸில், திறந்தவெளியில் மாஸ்க் போட்ட கொஞ்சம் பேரை இடைவெளி விட்டு உட்காரவைத்து 27 நிமிடம் பேசினார். சிரிப்பு அங்கங்கே எட்டிப்பார்த்துவிட்டு உடனே அடங்கிவிடுகிறது. இது வேடிக்கையாகவே இல்லை என்று அவரே சொல்கிறார். 1994-ல் கலிஃபோர்னியாவில் பூகம்பம் வந்தபோது செத்துவிடுவோம் என்று பயந்ததைச் சொல்லி, அது மொத்தமே 35 நொடிதான் இருக்கும், இந்த ஆள் 8 நிமிடம் 46 நொடி முழங்காலை வைத்திருந்தான் என்று குரல் உடைந்து கத்துகிறார். அன்றைக்கு வெளியே தெரிந்த கணக்கு அது. பின்னால் வழக்கு விசாரணையில் 9 நிமிடம் 29 நொடி என்று தெரியவந்தது. தான் பிறந்த நேரமும் 8:46 என்று பிறப்புச் சான்றிதழில் இருக்கிறது என்கிறார். 2014-ல் பக்கத்து ஊரான பீவர்கிரீக்கில் கடையில் விற்பனைக்கு வைத்திருந்த காற்றுத் துப்பாக்கியைக் கையில் எடுத்ததற்காக 22 வயது ஜான் கிராஃபோர்டைச் சுட்டுக் கொன்ற போலீஸ்காரர், அதற்கு முந்தின ராத்திரி தன் வண்டியையும் நிறுத்தி, எச்சரித்து அனுப்பியவர் என்றும் சொல்கிறார். சிப்பின் கதையில் பக்கத்து இருக்கையில் நடுங்கிக்கொண்டிருந்தவரும் இவர்தான்.

புதிதாகப் பார்க்க ஆரம்பிக்கிறவர்களுக்கு என் யோசனை: பிரையரின் 1979 நிகழ்ச்சியில் தொடங்குங்கள். மொழி கரடுமுரடாக இருக்கும், அந்த இழிசொல் வாக்கியத்துக்கு வாக்கியம் வரும் (சில மாதங்கள் கழித்துக் கென்யாவுக்குப் போய்த் திரும்பியவர் அதை விட்டுவிட்டார்), குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபோது பாருங்கள். உங்களுக்கு இது தெரியுமா என்று அவர் கேட்கும் இடம் வந்ததும் அவரை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அரங்கத்தை மட்டும் கவனித்துக் கேளுங்கள்.